பழைய 407-க்கு முன்பக்கம் புதுசு: கமான் பட்டை வேலையும் சேஸ் பெயின்ட்டும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் வந்து நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்த்தால், புது வண்டிகளுக்கு நடுவே குட்டை மூக்கோடு நிற்கும் பழைய 407-கள் இன்றும் கண்ணில் படும். முருங்கை, தக்காளி, கத்தரி என்று எதை ஏற்றினாலும் முனகாமல் வந்து சேரும். காட்டுப் பாதையானாலும் சரி, கண்மாய்க் கரையானாலும் சரி, 'இதுக்கு இணை இதுதான்' என்று சொல்லும் விவசாயிகள் எல்லா மாவட்டத்திலும் உண்டு.

இந்த வண்டி 1986-ல் வந்தது. அப்போது கம்பெனியின் பெயர் டெல்கோ. டொயோட்டா, நிஸான், மாஸ்டா, மிட்சுபிஷி என்று ஜப்பான் கூட்டோடு நான்கு கம்பெனிகள் சின்ன லாரியில் இறங்கியிருந்த நேரம். அந்த நான்கில் இரண்டு பெயரை இன்றைய இளைஞர்கள் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள். 407 மட்டும் ஊர் ஊராக நிலைத்துவிட்டது. காரணம் பெரிய ரகசியமல்ல. எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய வண்டி. உதிரி பாகமும் தாராளமாகக் கிடைக்கும்.

அதனால்தான் நாலு பேர் சேர்ந்தோ, தனியாகக் கடன் வாங்கியோ பழைய 407 ஒன்றை வாங்கி, சொந்த விளைச்சலைத் தாங்களே மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. வாடகை மிச்சம். ஆனால், வாங்கிய சில மாதத்திலேயே பல பேருக்கு ஒரே குறை வருகிறது. 'ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது. முன்பக்கம் தொங்கிப் போச்சு. டயர் ஒரு ஓரமா தேயுது.'

இதற்கு ஊரில் கிடைக்கும் மருந்தும் ஒன்றேதான். முன்பக்கம் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகுவது, எஃப்.சி.க்கு முந்தைய நாள் சேஸுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது. இரண்டுமே குறையை மறைக்கிற வேலை. வண்டியில் போகிறவர் பெரும்பாலும் வீட்டு ஆள்தான், பக்கத்தில் பிள்ளையோ மனைவியோ உட்கார்ந்திருப்பார்கள். முன்பக்கம் என்பது ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் தாங்கி நிற்கிற இடம். அங்கே வைக்கிற காசை ஒழுங்காக வைத்தால், இந்த வண்டி இன்னும் பல வருடம் குடும்பத்துக்குச் சோறு போடும்.

முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும்

பட்டறைக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே பாதி சோதனையை முடித்துவிடலாம். சமதளமான சிமென்ட் தரையில், லோடு இல்லாமல், நான்கு டயரிலும் சரியான காற்றோடு வண்டியை நிறுத்துங்கள். முன் அச்சுக்கு நேர் மேலே, சேஸின் அடி விளிம்பிலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் கணிசமாகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது பட்டை உடைந்திருக்கிறது. டிரைவர் பக்கம் கொஞ்சம் தாழ்வது பழைய வண்டிகளில் சகஜம்.

அடுத்து டயரைப் படியுங்கள். ஒரு ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் கிங் பின் பக்கம் பார்க்க வேண்டும். டயரின் மேல் கையை உள்பக்கமாக ஒருமுறை, வெளிப்பக்கமாக ஒருமுறை தடவும்போது ஒரு திசையில் மட்டும் ரம்பம் போலக் கையில் கீறினால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று பொருள்.

பிறகு முன் அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது. அது நொறுங்கும்போது சத்தம்கூடக் கொடுக்காது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். அப்போதும் ஆடினால் கிங் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது 'டக் டக்' என்று கேட்டால் டை ராட் எண்டுகளைப் பார்க்க வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிட்டுப் பட்டறைக்குப் போகிறவரிடம் 'எல்லாத்தையும் மாத்தணும்' என்று யாரும் சுலபத்தில் சொல்லிவிட முடியாது.

கூடுதல் பட்டை போடலாமா?

வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. முன்பக்கத்துக்கு, வேண்டாம் என்பதுதான் பதில்.

கமான் பட்டை என்பது வெறும் முட்டுக் கொடுக்கிற இரும்பு அல்ல. பள்ளத்தில் இறங்கும்போது வளைந்து கொடுத்து, அந்த அடி சேஸுக்குப் போகாமல் தானே வாங்கிக்கொள்கிற பாகம். ஒரு பட்டையைக் கூட்டினால் வளைவு குறையும், அடி நேராக சேஸில் இறங்கும். பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டின் ரிவிட் தளரும், அதன் ஓரத்தில் சேஸ் கீறல் விடும். வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து மனசு நிறையும், அவ்வளவுதான். லோடு உண்மையிலேயே முன்பக்கம் அதிகமாக விழுகிறதா என்று தெரிய வேண்டுமானால், எடை மேடையில் முன் சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றி எடை போட்டுப் பாருங்கள். பல நேரம், கேபினை ஒட்டி மூட்டைகளைக் குவித்து அடுக்கும் பழக்கத்தை மாற்றினாலே பாதிக் குறை போய்விடும்.

சரி, தளர்ந்த பட்டைக்கு என்ன செய்வது? ஒன்று, பட்டறையில் கழற்றி மறுபடி வளைவு ஏற்றுவது. இன்னொன்று, புதுப் பட்டை போடுவது. வளைவு ஏற்றுவதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அரிவாள் அடிக்கும் கொல்லர், காய்ச்சிய இரும்பை அப்படியே விட்டுவிடுவதில்லை. தோய்த்து, பதம் பார்த்துத்தான் கொடுப்பார். பட்டைக்கும் அதே கதைதான். உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, அப்படியே ஆறவிட்டால் அதன் விறைப்பு போய்விடும். சில மாதத்தில் மறுபடி தொங்கும். காய்ச்சினதும் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டால் விறைப்பு அதிகமாகி, ஒரு நாள் பள்ளத்தில் படாரென்று உடையும். எண்ணெயில் தோய்த்து, பின்பு மிதமான சூட்டில் பதம் ஏற்றத் தெரிந்த பட்டறையில் மட்டுமே காய்ச்சும் வேலையைக் கொடுக்க வேண்டும். அல்லது காய்ச்சாமலேயே, பிரஸ்ஸில் வைத்து வளைக்கச் சொல்லலாம். காதுள்ள மெயின் பட்டையில் கீறலோ, ஓரத்தில் ஆழமான வெட்டோ இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். பட்டையில் வெல்டிங் பொட்டு வைப்பது அதைவிட மோசம். பொட்டு வைத்த இடத்திலேயே உடையும்.

புதிதாகப் போடுவதானால் இரண்டு பக்கமும் சேர்த்தே போட வேண்டும். இந்த இடத்தில்தான் உண்மையான மேம்பாட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய முறையில் ஒரே தடிமனுள்ள பல பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கும். 'பாரபோலிக்' என்று சொல்லப்படும் பட்டையில் எண்ணிக்கை குறைவு. ஒவ்வொரு பட்டையும் நடுவில் தடித்து, நுனிப் பக்கம் போகப்போக மெலிந்திருக்கும். நடுவிலும் நுனியிலும் தவிர ஒன்றோடு ஒன்று உரசாது. அதனால் குலுக்கல் குறையும், முட்டைத் தட்டும் தக்காளிப் பெட்டியும் பிழைக்கும். எடையும் குறைவு. ஆனால், உரசல் இல்லாத பட்டை தானாக ஆட்டத்தை அடக்காது. அந்த வேலை முழுவதும் ஷாக் அப்சார்பரின் தலையில் விழும். பழைய ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு பாரபோலிக் பட்டை மட்டும் போட்டால் வண்டி தவளை மாதிரித் தாவும். பிராக்கெட், சேக்கிள் அளவுகளும் பொருந்த வேண்டும். ஆகவே, உங்கள் மாடலுக்கு அது பொருந்துமா என்று பார்ட் நம்பரைக் காட்டி கம்பெனி உதிரி பாகக் கடையில் உறுதி செய்துகொண்ட பிறகே காசை எடுங்கள்.

பட்டையைக் கழற்றும்போது சென்டர் போல்ட்டை வெறுமனே லூஸ் செய்யக் கூடாது. பட்டைகள் உள்ளுக்குள் விசையோடு இருக்கின்றன. பெரிய கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடித்த பிறகே போல்ட்டைக் கழற்றி, மெதுவாக விட வேண்டும். மறுபடி மாட்டும்போது சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் புதியதாக இருக்கட்டும். யூ போல்ட் தளர்ந்தால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே அசைவு வரும், சென்டர் போல்ட் அறுந்துபோகும், அச்சு ஒரு பக்கம் பின்னே நகர்ந்துவிடும். ஓட்டுகிறவருக்கு 'வண்டி நண்டு மாதிரிப் போகுது' என்றுதான் தெரியும். சேக்கிள் பின், புஷ் இரண்டும் இதே சமயத்தில் மாற்றிவிடுவது நல்லது. தனியாக இன்னொரு முறை பிரிப்பதற்குக் கூலி இருமடங்கு.

கிங் பின்னுக்கு லேத் வேலை

கிங் பின் மாற்றும்போது அவசரம் கூடாது. புது புஷ்ஷைத் தட்டி ஏற்றியதும், மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் ரீமர் விட்டுக் கடைய வேண்டும். பின் கையால் தள்ளினால் இறுக்கமாக, ஆனால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஸ்டியரிங் இறுகி, திருப்பிய பிறகு தானாக நேராகாது. கிரீஸ் ஓட்டை புஷ்ஷில் சரியான இடத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எதிர்ப்பக்கமாகப் போட்டுவிட்டால், நீங்கள் வருடம் முழுக்க கிரீஸ் அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. அடுத்து, அச்சுக்கும் ஸ்டப் ஆக்சிலுக்கும் நடுவேயுள்ள மேல்-கீழ் இடைவெளியை ஷிம் வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட். இதைப் பட்டையும் கிங் பின்னும் டை ராட்டும் முடிந்த பிறகே செய்ய வேண்டும். தேய்ந்த கிங் பின்னோடு அலைன்மென்ட் பார்ப்பது காசைக் கண்மாயில் போடுவதற்குச் சமம்.

'லீஃப் பட்டையே வேண்டாம், காயில் ஸ்பிரிங் போட்டுக் கார் மாதிரி ஆக்கிவிடலாம்' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சேஸை வெட்டி ஒட்டும் அந்த வேலை ஆபத்தானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும். கம்பெனி அந்த மாடலுக்குத் தந்த பாகங்களுக்குள் நின்றுகொள்வதே புத்திசாலித்தனம்.

சேஸில் என்ன இருக்கிறது என்பது கழுவினால்தான் தெரியும்

பட்டையும் அச்சும் கழன்றிருக்கும் நேரம்தான் சேஸ் வேலைக்குச் சரியான நேரம். பிராக்கெட்டுகளின் பின்பக்கம் வரை கை போகும். வண்டி எப்படியும் சில நாள் நிற்கப் போகிறது.

விவசாய வண்டியின் சேஸ் ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது? ஏற்றுகிற சரக்கே காரணம். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, ஒரு வகை உப்பு. மூட்டையிலிருந்து சிந்தியது பலகை இடுக்கில் இறங்கி, பனியில் கசிந்து, சேஸை அரிக்கும். அமோனியம் சல்பேட்டும் இரும்புக்கு ஆகாது. சாணி, மாட்டு மூத்திரம், ஈர மணல், கருவாட்டுத் தண்ணீர் எல்லாம் இதே வகை. 'ப' வடிவில் வளைந்த சேஸின் உள்பக்கத்தில் மண் தங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே இருக்கும் மரக்கட்டையின் அடி, பேட்டரி டிரே, பட்டை பிராக்கெட்டின் ஓரம் ஆகிய மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய டிரைவர்கள் பலர் கழிவு ஆயிலை சேஸில் அடித்து வைப்பார்கள். துருவைக் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். ஆனால், ரப்பர் புஷ்ஷும் பிரேக் ஹோஸும் ஆயில் பட்டால் ஊதிக் கெட்டுப்போகும். களத்தில் நிற்கிற வண்டியிலிருந்து சொட்டும் கழிவு ஆயில் நம் மண்ணில்தான் இறங்குகிறது. அதன்மேல் பெயின்ட்டும் ஒட்டாது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, மண்ணை முதலில் தண்ணீர் அடித்து நீக்குங்கள். கிரீஸையும் ஆயிலையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, அதன் பிசுக்கு போக சோப்புத்தூள் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சின்னச் சுத்தியலால் சேஸ் நெடுக, குறிப்பாகத் துரு உப்பியிருக்கும் இடங்களில், தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு உயிரோடு இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ, செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ அங்கே தடிமன் போய்விட்டது.

கீறல் இருந்தால் பெயின்ட்டை நிறுத்திவிட்டு அனுபவமுள்ள வெல்டரைக் கூப்பிட வேண்டும். கீறலின் நுனியைத் தேடி அங்கே சின்ன ஓட்டை போட்டு, கீறல் மேலே ஓடாமல் தடுத்து, பள்ளம் எடுத்து 7018 ராட்டால் வெல்டிங் வைப்பது முறை. சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கே வெல்டிங் வைப்பதோ ஓட்டை போடுவதோ கூடாது. வண்டியின் பலம் அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது. டீசல் டேங்க்கும் பிரேக் பைப்பும் தீப்பொறி படும் தூரத்தில் இருந்தால் கழற்றிவிடுங்கள். கீறல் நீளமாக இருந்தாலோ, பல இடத்தில் இருந்தாலோ அந்த வண்டிக்கு மேற்கொண்டு செலவழிப்பது சரியா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே, பழைய வண்டி வாங்குகிறவர்கள் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேஸைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்.

பெயின்ட்டைவிடத் தேய்ப்புதான் பெரிய வேலை

கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டரில் மாட்டும் கம்பிக் கப் என்று எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு உதிரும் துருவையும் பழைய பெயின்ட்டையும் எடுத்துவிட வேண்டும். பழைய பிரைமர்களில் குரோமேட், ஈயம் இருந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. மருந்து அடிக்கும்போது கட்டும் துண்டு போதாது, தூசிக்கான முகமூடியும் கண்ணாடியும் போடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தேய்த்த அன்றைக்கே பிரைமர் ஏறிவிட வேண்டும். வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டுவைத்தால், காலையில் பனியில் செம்பட்டை பூத்துவிடும். ரெட் ஆக்சைடு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அடியில் தண்ணீரும் கல்லும் அடிக்கும் இடத்துக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமரோ, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரோ நின்று பிடிக்கும். எபாக்ஸியைக் கலந்துவிட்டால் டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கையில் குறைந்த காசு இருந்தால் மேல் பெயின்ட்டில் சிக்கனம் பிடியுங்கள், பிரைமரில் பிடிக்காதீர்கள்.

ஸ்பிரே அடிப்பதற்கு முன், ரிவிட் தலைகள், வெல்டிங் வரிகள், விளிம்புகள் ஆகியவற்றுக்குச் சின்ன பிரஷ்ஷால் ஒரு கோட் தனியாக வையுங்கள். கூர்மையான ஓரத்தில் பெயின்ட் தங்காமல் மெலிந்துவிடும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பிறகு இரண்டு கோட் பிரைமர், அது காய்ந்ததும் இரண்டு கோட் கறுப்பு எனாமல். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். கிரீஸ் நிப்பிள், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், சேக்கிள் பின் ஆகியவற்றைப் பேப்பர் சுற்றி மறைத்துவிடுங்கள்.

வேலைக்கு மாசி, பங்குனி ஏற்ற மாதங்கள். ஆடிக் காற்றில் புழுதி வந்து ஒட்டும், ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் காயாது. ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்பு பட்டறையில் விட்டு 'பூஜைக்குள்ள வேணும்' என்று நிற்பவர்களுக்கு, மண்ணின்மேல் அடித்த பெயின்ட்தான் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சேஸ் நம்பர். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. கையால் துருவை மெதுவாக எடுத்து, மெல்லிய ஒரு கோட் மட்டும் தடவி, எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து, மேலே கிரீஸ் பூசிவையுங்கள். 8 வருடம் கடந்த சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அங்கே பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுப்பார்கள். நம்பர் படியவில்லை என்றால் வண்டி நன்றாக இருந்தும் அலைச்சல்தான்.

வேலை முடிந்து முதல் லோடு ஏற்றி இறக்கியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை. மாதம் ஒருமுறை கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவித்து அடிக்க வேண்டும். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு அப்போதுதான் கிரீஸ் போகும். உரம் ஏற்றிய அன்று சாயங்காலம், மோட்டார் ஓடும் நேரம் பார்த்து, வண்டியைத் தொட்டிப் பக்கம் நிறுத்தி அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள். உப்புத் தண்ணீர்க் கிணறு என்றால் மட்டும் வேண்டாம், துடைப்பத்தால் கூட்டிவிட்டாலே போதும்.